150 ரூபாய் ஆரஞ்சுப் பொடியும் என் கடைக் கவுண்டரும்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். குடித்த மறுநாள் தலைவலி வராமல் தடுப்பதாக விற்கப்படும் இந்தப் பொடி தாகத்துக்கு நல்லது, ருசி பரவாயில்லை, விலை அநியாயம். பாக்கெட்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'என்சைம் சப்போர்ட்' என்ற வாக்குறுதிக்கு மட்டும் ஒரு நட்சத்திரம் கொடுக்கக்கூட மனம் வரவில்லை. காரணம் வேண்டுபவர்கள் மேலே படியுங்கள்.

பெங்களூர் அல்சூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை, பி.ஃபார்ம் முடித்த கையோடு நான் வந்து உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒரு பக்கம் சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் பழைய தமிழ்க் குடும்பங்கள்: சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மாதக் கணக்கு. இன்னொரு பக்கம் இந்திராநகர் நூறடிச் சாலையை ஒட்டி அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஐ.டி. பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இரண்டாம் வகையினர் கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நிற்பார்கள். "அக்கா, தலை வெடிக்கிறது" என்பார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்பதில்லை. மூச்சே சொல்லிவிடும்.

அப்படிப்பட்ட கடைக்கு இந்தப் பொடியை விற்க வந்த ரெப் புதுப்பையன். கையில் டேப்லட், கழுத்தில் அட்டை. "மேடம், இது வெறும் எலக்ட்ரோலைட் இல்லை. ஈரலில் இருக்கும் என்சைமையே வேகப்படுத்துகிறது. பத்துக்கு இரண்டு ஸ்கீம் தருகிறோம்" என்றார். எந்த என்சைமை என்று கேட்டேன். டேப்லட்டை என் பக்கம் திருப்பினார். ஒரு ஈரலின் படம், அதைச் சுற்றிப் பச்சை அம்புகள், கீழே 'ஏடிஎச் செயல்பாடு அதிகரிக்கிறது' என்று ஒரு வரி. படித்தவுடன் சிரிப்பு வந்தது. அதில் இருக்கும் அபத்தம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாவம், மாத இலக்கு அவருக்கு. பத்துப் பாக்கெட்டுகளும் இரண்டு இலவசமும் எடுத்து வைத்தேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். வெள்ளி நிறப் பாக்கெட், விரல் நீளம், மேல் ஓரத்தில் கிழிப்பதற்கு ஒரு வெட்டு. அந்த வெட்டில் கிழியாது, கத்தரிக்கோல் வேண்டும். போதையில் இருப்பவருக்கென்று செய்த பொருளைக் கத்தரிக்கோல் இல்லாமல் திறக்க முடியவில்லை என்பதை அந்த நிறுவனத்தில் யாராவது யோசித்திருக்கலாம். தண்ணீரில் கொட்டினால் நுரைத்து, ரஸ்னா நிறத்துக்கு வருகிறது. முதல் வாய் இனிப்பும் புளிப்பும். விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் வேப்பங்கொழுந்துக் கசப்பு ஒன்று தங்குகிறது. அந்தக் கசப்பு டைஹைட்ரோமைரிசெட்டின் என்ற பொருளுடையது என்று நினைக்கிறேன். சீனாவிலும் கொரியாவிலும் மதுவின் கேட்டுக்கு மருந்தாகப் பழங்காலம் முதல் பயன்படுத்தும் ஒரு மரத்தில் இது இருக்கிறது. 2012இல் எலிகளிடம் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு இதற்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. எலிகளிடம்.

பின்பக்கம் படிக்க என் அம்மாவின் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. எல்-சிஸ்டீன், பி வைட்டமின்கள், சோடியம், பொட்டாசியம், ஏதோ இரண்டு மூலிகைச் சாறுகள். மூலிகைகளுக்கு மொத்தமாக ஓர் எடை. எது எவ்வளவு என்ற விவரம் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் இருக்கிறது; மருந்து உரிமம் இல்லை. அதாவது சட்டத்தின் கண்ணில் இது சத்துணவு. அதனால்தான் முகப்பில் ஈரலைக் காப்பாற்றுவதாகச் சத்தம் போட்டுவிட்டு, முதுகில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று எறும்பு எழுத்தில் முணுமுணுக்கிறது. இந்தத் தொழிலில் நான் கற்ற பாடம், பாக்கெட்டை எப்போதும் பின்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்.

இனி அந்த ஏடிஎச்.

குடித்த மதுவில் இருக்கும் எத்தனாலை உடல் இரண்டு படிகளில் ஒழிக்கிறது. ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி (என்சைம்), அதுதான் ஏடிஎச், எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும். அடுத்து ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ், குறிப்பாக செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் ஏஎல்டிஎச்2, அந்த அசிட்டால்டிஹைடை அசிட்டேட்டாக்கும். அசிட்டேட் சாது, கடைசியில் தண்ணீரும் கரியமில வாயுவுமாகப் போய்விடும். வம்பெல்லாம் நடுவில் வரும் அசிட்டால்டிஹைடிடம்தான். முகம் சிவப்பது, நெஞ்சு படபடப்பது, குமட்டல் எல்லாம் அதன் கைவரிசை. மது அருந்துவதால் உடலில் சேரும் அசிட்டால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை.

என் கடையில் மாலை நேரத்தில் பில் போட ஒருவர், மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒருவர். பில் போடுகிறவர் சூட்டிகையாகவும் எடுத்துக் கொடுப்பவர் மந்தமாகவும் அமைந்துவிட்டால், கையில் பில்லோடு கூட்டம் தேங்கிச் சண்டை தொடங்கும். அந்த நேரத்தில் பில் போடுகிறவரை இன்னும் வேகமாகப் போடு என்று விரட்டுவேனா? ஏடிஎச்சைத் தூண்டுவதாகச் சொல்லும் பொடி அதைத்தான் செய்வதாக மார்தட்டிக்கொள்கிறது. எத்தனால் விரைவில் அசிட்டால்டிஹைடாகும். இரண்டாம் நொதிக்கு அதே வேகம் வராவிட்டால் விஷம் தேங்கும். நல்ல வேளை, ஒரு தம்ளர் ஆரஞ்சுத் தண்ணீரில் அவ்வளவு சக்தி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பொடி சொன்னபடி வேலை செய்யாதது குடிப்பவரின் அதிர்ஷ்டம்.

முதல் நொதி மட்டும் வேகமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. பிறவியிலேயே அப்படி அமைந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஏடிஎச்1பி என்ற மரபணுவின் ஒரு வடிவத்தில், நொதியின் 48ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஹிஸ்டிடின் உட்கார்ந்திருக்கும். அந்த நொதி எத்தனாலைப் பல மடங்கு வேகத்தில் மாற்றும். கிழக்காசியாவில் பெரும்பான்மையோருக்கு இதுதான். இவர்கள் சுகமாகக் குடித்துத் திளைக்கிறார்களா என்றால், குடிக்கு அடிமையாகும் வாய்ப்பே இவர்களுக்குக் குறைவு. குடி இவர்கள் உடம்புக்கு ஒத்துப்போவதில்லை, அதனால் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சீனாவில் நெல் சாகுபடி பரவிய தடத்திலேயே இந்த வடிவமும் பரவியது என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது. நெல்லை நாமும்தான் விளைவித்தோம், சுண்டக்கஞ்சியும் காய்ச்சினோம்; ஆனால் இந்த வடிவம் தென்னிந்தியாவில் அரிது.

இரண்டாம் நொதியில் கோளாறு உள்ளவர்கள் கதை இன்னும் மோசம். ஏஎல்டிஎச்2இன் 504ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டியதில் லைசின். ஒரே ஓர் எழுத்து மாறிய மரபணு. இந்த நொதி நான்கு துண்டுகள் சேர்ந்து வேலை செய்வது. ஒரு துண்டு பழுதானால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு விழும். அதனால் அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுது வந்திருந்தாலும் திறன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இருவரிடமிருந்தும் வந்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கிழக்காசியர்களில் சுமார் 36 சதவீதம் பேர் இந்தப் பழுதோடு பிறந்தவர்கள். அரைக் கோப்பை பீருக்கே முகமும் கழுத்தும் செங்கல் நிறமாகிவிடும்.

கடைக்கு வழக்கமாக வரும் கிழக்காசிய இளைஞர் ஒருவர் ஃபாமோடிடின் மாத்திரையைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார். அசிடிட்டி என்றால் சாப்பாட்டைக் கவனியுங்கள், டாக்டரைப் பாருங்கள் என்றேன். அவர் தயங்கி, வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை என்றார். அலுவலக விருந்தில் மேலதிகாரி ஊற்றிக் கொடுத்தால் மறுக்க முடியாது. முகம் சிவந்தால் எல்லோரும் கேலி செய்வார்கள். அரை மணி முன்னால் இதைப் போட்டுக்கொண்டால் சிவப்பதில்லை என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஃபாமோடிடின், ரத்தக் குழாய்களை விரிக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளின் ஒரு வழியை அடைக்கிறது, அதனால் சிவப்பு மறைகிறது. அசிட்டால்டிஹைடு அங்கேயே இருக்கிறது. இந்தப் பழுதோடு தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் மற்றக் குடிகாரர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2009இலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. சிவக்கிற முகம் உடம்பு போடும் கூச்சல். அதன் வாயைப் பொத்திவிட்டுக் குடிக்கிறார்கள். அவருக்கு இதை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். அடுத்த மாதம் மாத்திரைக்கு வரவில்லை. வேறு கடைக்குப் போனாரோ, குடியை விட்டாரோ, நல்லதையே நினைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பொடியின் விளம்பரத்தில் 'முகச் சிவப்புக்கும் நல்லது' என்று ஒரு வரி இருக்கிறது. என் கோபத்தில் பாதி அந்த வரிக்காக. பழுதான நொதியைப் பொடியால் சரிசெய்ய முடியாது. வெளியிலிருந்து நொதியையே விழுங்கினாலும் அதுவும் ஒரு புரதம், வயிறு செரித்துவிடும். ஈரல் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா வரை அது போய்ச் சேராது.

இதே இரண்டாம் நொதியை வேண்டுமென்றே மூடுகிற மருந்தும் என் அலமாரியில் இருக்கிறது: டைசல்ஃபிராம். ரப்பர் தொழிலில் பயன்பட்ட ரசாயனம் அது. அந்த ஆலைத் தொழிலாளர்களுக்குக் குடி சேராமல் போனதை 1937இல் ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதினார். 1940களின் இறுதியில் டென்மார்க்கில் அது குடிநோய் மருந்தாயிற்று. இதைச் சாப்பிட்டவர் ஒரு மடக்கு குடித்தாலும் முகம் கொதிக்கும், வாந்தி, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சரியும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் பிடி விடாது. மூடிய நொதி திறப்பதில்லை, உடம்பு புதிதாகச் செய்ய வேண்டும்.

மதிப்புரைக்கு இது எதற்கு என்று கேட்கலாம். மாதத்துக்கு ஒருவராவது, பெரும்பாலும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கடையில் கூட்டம் கலையும் வரை ஓரமாக நின்றுவிட்டு என்னிடம் வருவார்கள். "பாப்பா, குடியை நிறுத்தும் மாத்திரை இருக்கிறதாமே. குழம்பில் கலந்துவிட்டால் அவருக்குத் தெரியாதே?" தெரியாமல் கொடுத்தால் உயிரே போகலாம் அம்மா, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்து, ரத்தம் சோதித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பேன். ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்கென்றே பிரிவு இருக்கிறது, அவரை அழைத்துக்கொண்டு போங்கள் என்று கன்னடத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பேன். அவர்கள் அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போன அதே கவுண்டரில், குடித்தும் குடிக்காததுபோல் இருக்கலாம் என்று சொல்லும் வெள்ளிப் பாக்கெட்டை அடுக்கி வைப்பது எனக்கு ஒட்டவில்லை. வியாபாரம்தான், தெரியும். இருந்தாலும் ஒட்டவில்லை.

சரி, நம்மவர்களுக்கு வருவோம். தென்னிந்தியரில் மிகப் பெரும்பாலோருக்கு ஏஎல்டிஎச்2 ஒழுங்காகவே இருக்கிறது. அப்படியிருக்க, அல்சூர்க்காரருக்கு இந்தப் பொடி எந்த நொதியை ஆதரிக்கப் போகிறது? மறுநாள் காலைத் தலைவலி உச்சத்துக்கு வரும்போது ரத்தத்தில் எத்தனால் தீர்ந்துகொண்டிருக்கும். அந்த வேதனையில் தூக்கக் கேட்டுக்குப் பங்கு இருக்கிறது, நீர் வறட்சிக்கு இருக்கிறது, உடல் அழற்சிக்கு இருக்கிறது, பிராந்தி போன்ற கறுத்த சரக்குகளில் கூடுதலாக இருக்கும் உபபொருள்களுக்கும் இருக்கிறது. இத்தனையையும் ஒரு பாக்கெட் தீர்க்குமானால் நோபல் பரிசு எப்போதோ பெங்களூருக்கு வந்திருக்கும். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இவ்வகை மருந்துகள் மீது நடந்த 21 சோதனைகளைத் திரட்டி 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஆதாரம் மிகவும் பலவீனமானது என்று எழுதினார்கள். எந்த இரண்டு சோதனைகளும் ஒரே மருந்தைப் பற்றியவை அல்ல. எட்டுச் சோதனைகளில் பெண்களே இல்லை.

அந்தக் கடைசி விவரம் எனக்கு உறைத்தது. வார இறுதியில் வரும் கறுப்புக் கண்ணாடிகளில் இப்போது பாதிப் பேர் பெண் பிள்ளைகள். பெண்ணின் வயிற்றுச் சுவரில் முதல் நொதி குறைவு என்று 1990இல் ஓர் ஆய்வு காட்டியது; குடித்ததில் ஒரு பகுதி ஆணுக்கு வயிற்றிலேயே அழியும், பெண்ணுக்கு அவ்வளவு அழியாது. உடலில் நீரின் பங்கும் பெண்ணுக்குக் குறைவு. ஒரே எடை, ஒரே அளவு என்றாலும் அவள் ரத்தத்தில் அடர்த்தி கூடுதலாக ஏறும். "பையன்களுக்குச் சமமாகக் குடித்தேன் அக்கா, எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்ட பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். பாக்கெட்டில் ஆண், பெண் இருவருக்கும் அளவு ஒன்றுதான்.

குறை மட்டும் சொல்லக் கூடாது என்று வீட்டில் சோதித்தும் பார்த்தேன். நாங்கள் கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கிறிஸ்துமஸ் என்றால் மாமியார் கையால் பெங்களூர் நீலத் திராட்சை வைன் கட்டாயம். ரஸல் மார்க்கெட்டில் திராட்சை வாங்கி, காம்பு கிள்ளி, பீங்கான் ஜாடியில் சர்க்கரையும் கிராம்பும் ஒரு கைப்பிடி கோதுமையும் போட்டு, வாயைத் துணியால் கட்டி, ஸ்டோர் ரூமில் வைத்துவிடுவார். அந்த வாசனை வீடு முழுக்க ஏறிய பிறகுதான் எங்களுக்கு டிசம்பர். ஆண்கள் வைனை மரியாதைக்கு ஒரு கோப்பை குடித்துவிட்டு விஸ்கிக்குப் போய்விடுவார்கள்.

அன்று இரவு ஆட்டம் பாட்டம் ஓய்ந்ததும் இரண்டு ஜக்கில் கலந்து வைத்தேன். ஒன்றில் இந்தப் பொடி. இன்னொன்றில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை, நிறத்துக்குக் கொஞ்சம் ஆரஞ்சு ஸ்குவாஷ், கசப்புக்கு ஒரு கிள்ளு வெந்தயப் பொடி. எது எது என்று எனக்கு மட்டும் தெரியும். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். காலையில் கொழுந்தன் பளிச்சென்று எழுந்து வந்தார். "அண்ணி, உங்கள் கம்பெனிப் பொடி அற்புதம். தலை பஞ்சு மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரு பெட்டி எடுத்து வையுங்கள்" என்றார். அவர் குடித்தது எலுமிச்சைத் தண்ணீர். பொடியைக் குடித்த என் கணவர் போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டிக் காப்பி கேட்டார். இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; ஆள் கணக்கும் போதாது, குடித்த அளவும் சமமில்லை, கொழுந்தன் எப்போதுமே கொஞ்சம் மிகை. ஆனால் நம்பிக்கை என்பது எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தீர்களா? மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிடாத எந்தப் பாராட்டையும் நான் ஏன் நம்புவதில்லை என்பதற்கு எங்கள் சாப்பாட்டு மேசையே சாட்சி. இணையத்தில் இந்தப் பொடிக்குக் குவிந்திருக்கும் ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை என் கொழுந்தனைப் போன்றவை என்று கணக்கெடுக்க ஆசை.

நானும் குடித்துப் பார்த்தேன், வேறு காரணத்துக்காக. எனக்குச் சிவப்பு வைன் ஒரு கோப்பை போனாலே அரை மணியில் நெற்றிப்பொட்டில் தெறிக்கும். மறுநாள் வரை காத்திருப்பதில்லை. வெள்ளை வைனுக்கு அப்படி வராது. இதற்கும் இரண்டாம் நொதிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். திராட்சைத் தோலில், வெயில் பட்டால் கூடும் குவெர்செட்டின் என்ற பொருள் உடலுக்குள் போய் உருமாறி ஏஎல்டிஎச்2ஐ மடக்குகிறது என்பது அவர்கள் கருத்து. சோதனைக்குழாயில் காட்டியதுதான், மனிதர்களிடம் நிறுவியாக வேண்டும். மாமியாரின் ஜாடி வைனுக்கு முன்னால் இந்தப் பொடியைக் குடித்தேன். தெறிப்பு குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் முகத்துக்காக இரண்டாம் கோப்பையும் வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது கணவர் கோப்பையில் ஊற்றிவிட்டேன். ஒருவேளை அவரது போர்வைக்கு நானும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விளையாட்டை விட்டுவிட்டு ஒரு விஷயம். பாக்கெட்டில் சூரியன் உதிக்கிற படமும் 'காலையில் தெளிவாக' என்ற வாசகமும் இருக்கின்றன. இதை நம்பி வண்டிச் சாவியை எடுக்கிறவர்களை நினைத்தால்தான் பயம். கடையில் கிடைக்கும் 42.8 சதவீதச் சரக்கில் 30 மி.லி. என்றால் ஏறக்குறைய 10 கிராம் எத்தனால். நொதிகளுக்கு வேலை மிஞ்சிப்போன பிறகு ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் ஒழிக்கும். கெஞ்சினாலும் மிரட்டினாலும் அதுதான் கணக்கு. நான்கு லார்ஜ், அதாவது 240 மி.லி., போட்டவர் உடம்பில் 80 கிராம். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியவருக்கு விடியும்போதும் பாக்கி இருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு அனுமதிப்பது 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. மட்டுமே. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆரஞ்சு வாசனை வாயில் இருக்கும். ஊதும் கருவிக்கு ஆரஞ்சு தெரியாது. பிடிபடுவதைவிடப் பெரிய கவலை, தெளிந்துவிட்டோம் என்ற நினைப்பில் எதிரே வருகிறவர் மீது ஏற்றிவிடுவது.

பொடி வேலை செய்யாதபோது பிள்ளைகள் அடுத்துக் கேட்பது டோலோ, அதாவது பாராசிட்டமால் மாத்திரை. எப்போதாவது குடிப்பவர், சொன்ன அளவில் ஒன்று போட்டுக்கொண்டால் பெரிய கவலை இல்லை. தினமும் குடிப்பவர் விஷயம் வேறு. அவர் ஈரலில் சிஒய்பி2இ1 என்ற இன்னொரு நொதி பெருகியிருக்கும். அதுவும் எத்தனாலை ஒழிக்க உதவும் நொதிதான்; ஆனால் பாராசிட்டமாலின் ஒரு பகுதியை ஈரலுக்கு நஞ்சாக மாற்றுவதும் அதுவே. அதனால் தெரிந்த குடிகாரர்கள் ஸ்ட்ரிப் கேட்டால் இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுத்து, டாக்டரைப் பார்க்கச் சொல்வேன். திட்டுவார்கள். பரவாயில்லை. பல் டாக்டர் மெட்ரானிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தவர்களிடமும் கோர்ஸ் முடியும் வரை குடி கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன். அந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் போதுமா என்று மருத்துவ உலகில் விவாதம் உண்டு. விவாதம் முடியட்டும், அதுவரை நாலு நாள் குடிக்காமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

விலைக்கு வருகிறேன். ஒரு பாக்கெட் 150 ரூபாய். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் வரும் ஓ.ஆர்.எஸ். பொடி இருபது, இருபத்தைந்து ரூபாய்க்குள் கிடைக்கிறது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இன்ன பிறவும் எவ்வளவு என்று கிராம் கணக்கில் எழுதியிருக்கும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கலவையில் இல்லாத சர்க்கரைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என உத்தரவிட்டது. ஒரு கடைக்காரியாக எனக்கு அன்று தீபாவளி. 'என்சைம்' என்ற பெயருக்கும் யாராவது அப்படி ஒரு வேலி போட்டால் தேவலை. அமெரிக்காவில் 2020 ஜூலையில் மருந்து நிர்வாகம் இதே போன்ற சரக்கை விற்ற ஏழு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இதையெல்லாம் மீறி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால்: இரவு படுக்கும் முன் பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்து குடியுங்கள். தாகத்துக்கும் வறண்ட நாக்குக்கும் உதவும், அதை மறுக்கவில்லை. வெறும் வயிற்றில் குமட்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தொட வேண்டாம். உப்பும் பொட்டாசியமும் இருக்கின்றன. அரைக் கோப்பைக்கே முகம் சூடேறிப் படபடப்பவர்கள் பொடியைத் தேட வேண்டாம், கோப்பையை வைத்துவிடுங்கள். நம் மாநிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. காதுமடலைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும்.

பன்னிரண்டில் வீட்டில் கரைத்தது போக மிச்சமிருந்ததை ஸ்டாக்கிஸ்டிடம் திருப்பி அனுப்பிவிட்டேன். இலவசமாகத் தந்த இரண்டையும் கழித்துக்கொண்டுதான் கணக்குப் பார்ப்போம் என்றார்கள்; சரி என்றேன். கிரெடிட் நோட் இன்னும் வந்தபாடில்லை.